மணற்குழி வெட்டியவர்களுக்கும் மடி தந்த ஆச்சிக்கும் நன்றி

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை என் முதல் சம்பளத்தை நம்ம ஊர்க் கோவிலில் காணிக்கையாகப் படைக்கப் போகிறேன். அதற்கு முன்னால் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். நேரில் சொல்ல நின்றால் தொண்டை அடைத்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

நான் 2001இல் பிறந்தவள், ட்ரிபிள் ஜம்ப் தாண்டுகிறவள்; ஓடிவந்து ஹாப், ஸ்டெப், ஜம்ப் என்று தொடர்ந்து மூன்று எட்டில் தாண்டும் போட்டி அது. இருபது வயதுக்குட்பட்டோர் பிரிவில் 2020தான் எனக்குக் கடைசி வருஷம். ஏப்ரலில் போபாலில் ஜூனியர் ஃபெடரேஷன் கோப்பை என்ற தேசியப் போட்டி. அங்கே தேர்வாகிவிட்டால் ஜூலையில் நைரோபியில் உலகப் போட்டி. இதற்காகவே இரண்டு கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வராமல் சென்னை விடுதியில் கிடந்தேன். மார்ச் மாதம் நடுவில் கொரோனாவால் விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறி நாசரேத்தில் இறங்கும்போதுகூட, பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று ஆணி வைத்த ஓட்டக் காலணியான ஸ்பைக்ஸைப் பையின் மேலாகவே வைத்திருந்தேன்.

மார்ச் 24ஆம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கையே தள்ளிவைத்தார்கள். அன்று இரவு எட்டு மணிக்குப் பிரதமர் 21 நாள் ஊரடங்கு என்றார். நைரோபிப் போட்டியும் தள்ளிப்போனது. அடுத்த வருஷம் நடந்தால் 2002இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குத்தான் இடம். போட்டியைத் தள்ளிவைக்கலாம், என் வயதை யார் தள்ளிவைப்பார்கள்?

அந்த நாட்களில் பலர் ஃபோன் செய்து, "கர்த்தர் இதைவிடப் பெரியது வைத்திருக்கிறார்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் எனக்குப் பெரியது எதுவும் வேண்டாமாயிருந்தது, நைரோபிதான் வேண்டியிருந்தது. இரவில் ஜெபிக்க முழங்காலில் நின்றால் வார்த்தையே வராது. கர்த்தரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரு வாரம் போனது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின ராத்திரி ஆச்சியிடம் அதைச் சொல்லி அழுதேன்.

ஆச்சி என்னை அதட்டவில்லை. 131ஆம் சங்கீதத்தை எடுத்து வாசிக்கச் சொன்னாள். மூன்றே வசனம். அதில் "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல" என்று வரும் இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, "ஒங்க அப்பனுக்குப் பால் மறக்கடிக்க வேப்பிலையை அரைச்சித் தடவுனேன் பாத்துக்கோ. மூணு நாளு என் நெஞ்சுல அடிச்சி அடிச்சி அழுதான். நாலாம் நாளும் என் மடிக்குத்தான் வந்தான். பாலு கேக்கல. சும்மா படுத்துக்கெடந்தான். நீயும் அழுவுறதுன்னா அங்கயே போய் அழு ஏட்டி, எந்திரிச்சிப் போயிராத" என்றாள்.

அன்று ராத்திரி ஆச்சி மடியில் தலை வைத்துப் படுத்தேன். அவள் கை என் நெற்றியில் இருந்தது, பூண்டு உரித்த வாசனையோடு. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க ஒன்றுமில்லாமல் கர்த்தருடைய சமுகத்தில் கிடந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சமாதானம் என்று கோவிலில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், அது என்ன என்று தெரிந்தது அன்றைக்குத்தான். என் இழப்பு அப்படியேதான் இருந்தது. அதோடு என்னால் தூங்க முடிந்தது.

மறுநாள் காலை கோவில் பூட்டிக் கிடந்தது, பவனி இல்லை. உபதேசியார் ஐயா ஒற்றை ஆளாக மணியடித்தார். எல்லாரும் அவரவர் வாசலில் குருத்தோலையோடு நின்று ஓசன்னா பாடினோம். ஐயா, அதன் பிறகு தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியிலேயே நின்று ஜெபித்துவிட்டுப் போனீர்கள். பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தில் இலக்கை நோக்கித் தொடருகிறேன் என்று சொன்ன பவுல் அப்போது காவலில் இருந்தார் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நானும் அதே வாரம் பயிற்சியைத் திரும்பத் தொடங்கினேன்.

அப்பாவும் பெரியப்பா வீட்டு அண்ணன்மாரும் வீட்டுக்குப் பின்னால் மூன்று நாள் குழி வெட்டினார்கள். தேரி மணலைக் கொண்டுவந்து, முள்ளும் கண்ணாடிச் சில்லும் இல்லாமல் அப்பா சல்லடையில் சலித்துக் கொட்டினார். பழைய கதவுப் பலகைக்குச் சுண்ணாம்பு அடித்து கால் ஊன்றி எம்புகிற டேக்-ஆஃப் போர்டாகப் பதித்தோம். ஓட இடம் போதாது, பதினொரு எட்டுதான். செக்கச்சிவந்த அந்த மணலில் விழுந்து எழுந்தால் முட்டியிலிருந்து கணுக்கால் வரை செம்மண் பூசினதுபோல் இருக்கும். அண்ணன்மாரே, அந்தக் குழியில் இப்போது பக்கத்து வீட்டுச் சிறுசுகள் தாண்டுகிறார்கள்.

கோச் சார், காலை ஆறரைக்கு உங்கள் வீடியோ கால் ஒரு நாளும் தவறியதில்லை. பனைமரத்தில் ஃபோனைக் கட்டிவைத்துத் தாண்டுவேன். "ஸ்டெப்ல பாதத்தைத் தட்டையா வை" என்று கத்துவீர்கள். வயதைப் பற்றி நான் பேச்செடுத்த அன்று மட்டும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நானும் அழுதேம்மா" என்றீர்கள். அதைச் சொன்னதற்காகத் தனியாக ஒரு நன்றி, சார்.

பனையேறி மாமா தினமும் மதில்மேல் பதநீர் வைத்துவிட்டுப் போனார், ஒரு நாளும் காசு வாங்கியதில்லை. என் அறைத்தோழி கோவில்பட்டியிலிருந்து ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, நான் செய்யும் பயிற்சியைத் தானும் சேர்ந்து செய்தாள். அம்மா தன் பங்கு முட்டையையும் என் தட்டில் வைத்தாள். எனக்குத் தெரியும் அம்மா.

நைரோபிப் போட்டி 2021 ஆகஸ்டில் நடந்தது. கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. நீளம் தாண்டுதலில் நம் ஷைலி சிங் 6.59 மீட்டர் தாண்டினார், ஒரே ஒரு சென்டிமீட்டரில் தங்கம் போய் வெள்ளி கிடைத்தது. ஆச்சியும் நானும் ஃபோனில் பார்த்தோம். நான் நிற்க ஆசைப்பட்ட அரங்கம் அது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் நெஞ்சில் கசப்பு இல்லை. ஆச்சி ஃபோன் திரையில் கை வைத்து, "அந்தப் பிள்ளையை ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று ஜெபித்தாள். நான் ஆமென் சொன்னேன்.

பிறகு பி.பி.எட். முடித்து, போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்தேன்.

உபதேசியார் ஐயா, ஞாயிறன்று காணிக்கை வாசிக்கும்போது என் பெயரை வாசிக்க வேண்டாம். ஆச்சி பெயரை வாசியுங்கள். இப்போது அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது, கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள்.