சோலார் தகடோடு இன்ஹேலரையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூமியின் நலனில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பங்கு என்று பேச்செடுத்தாலே கூரையில் சோலார் தகடு, வளாகத்தில் மரக்கன்று என்றுதான் போகிறது. இரண்டும் வேண்டியவையே. ஆனால் மருந்துச் சீட்டில் எழுதும் இன்ஹேலரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வீசிங்குக்குத் தரும் 'பஃப்' டப்பாக்கள் பெரும்பாலானவற்றில் மருந்தைத் தள்ளுவது எச்.எஃப்.ஏ. 134ஏ என்ற வாயு. நூறாண்டுக் கணக்கில் இது கார்பன் டை ஆக்சைடைவிட 1,300 மடங்கு புவியைச் சூடாக்கும். ஒரு டப்பாவில் 10 கிராம் இருந்தால்கூட 13 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஐந்தரை லிட்டர் பெட்ரோலை எரித்ததற்கு ஈடு. இவ்வகை வாயுக்களைக் குறைக்கும் கிகாலி திருத்தம் (2016) என்ற உலக நாடுகளின் உடன்பாட்டை இந்தியாவும் 2021இல் ஏற்றது. கேப்சூல் போட்டு உறிஞ்சும் பொடி இன்ஹேலரில் இந்த வாயுவே கிடையாது. நம் ஊர் மருந்துக் கடைகளில் அது மலிவாகவே கிடைக்கிறது.

அதற்காக எல்லோருக்கும் ஒரேயடியாக மாற்றிவிடக் கூடாது. பொடியை இழுக்க வேகமான மூச்சு வேண்டும். சிறு குழந்தைகள், மிகவும் தளர்ந்த முதியவர்கள், கடுமையான மூச்சுத்திணறலில் வருபவர்கள் ஆகியோருக்கு ஸ்பேசருடன் (டப்பாவின் வாயில் பொருத்தும் குழல்) பஃப்தான் சரி.

மாற்றும்போது சொல்லிக் கொடுக்காமல் விட்டால் எல்லாம் வீண். கேப்சூலை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்கிவிடுபவர்கள் உண்டு. கருவிக்குள் மூச்சை விட்டால் ஈரம் பட்டுப் பொடி கட்டியாகிவிடும். கேப்சூலை அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைத்தால் மழைக்காலத்தில் அதே கதிதான். முதலில் கருவியிலிருந்து முகத்தை விலக்கி மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். பிறகு உதட்டால் கருவியை இறுகக் கவ்வி, வேகமாக, ஆழமாக இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். திறந்து பார்க்கையில் பொடி மிச்சமிருந்தால் மீண்டும் இழுக்கலாம். ஸ்டீராய்டு மருந்தானால் வாய் கொப்பளித்துத் துப்புவது கட்டாயம். இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை வரலாம்.

இதைவிடப் பெரிய லாபம் நோயைக் கட்டுக்குள் வைப்பதில் இருக்கிறது. திணறலை உடனே தணிக்கும் சால்புட்டமால் மருந்தின் 200 பஃப் டப்பாவை ஒருவர் ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ வாங்கினால், அவருக்குத் திடீர் மூச்சுத்திணறல் வரும் அபாயம் அதிகம். 12 வயதும் அதற்கு மேலும் ஆன ஆஸ்துமா நோயாளிகளுக்குச் சால்புட்டமால் மட்டும் தரக் கூடாது என்று ஆஸ்துமாவுக்கான 'ஜீனா' உலக வழிகாட்டுதல் 2019 முதல் சொல்கிறது. மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தால் அவசர பஃபின் தேவையும் குறையும், காற்றில் கலக்கும் வாயுவும் குறையும். யார் எத்தனை டப்பா வாங்குகிறார் என்பது மருந்தகப் பதிவேட்டிலேயே இருக்கிறது. அதை மாதம் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மருந்து வாங்க வரும்போதெல்லாம் "ஒருமுறை இழுத்துக் காட்டுங்கம்மா" என்று செவிலியர் கேட்க வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரையோடு ஏற்கெனவே வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்கும் இந்தப் பயிற்சி தரலாம். பயிற்சிக்கு மருந்தில்லா மாதிரிக் கருவி ஒன்றிரண்டு ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டும்.

காலி டப்பாவுக்கும் ஒரு வழி வேண்டும். மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே வாயு மிச்சமிருக்கும். குப்பையோடு எரித்தால் வெடிக்கும். திரும்பப் பெற்று, வாயு கசியாமல் அழிக்கும் ஏற்பாட்டைச் சுகாதாரத் துறை தொடங்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள் சிலர்