கதவில் ஒட்டிய தடை அறிவிப்பு குறித்து பயிற்சிக்கூடப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

வியாசர்பாடியில் நம் கூடத்துக்கு வரும் கானா பாடும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் ப்யூர் டேட்டா என்ற ஒலி மென்பொருளைக் கற்றுத்தரும் நான், “ஒலியைச் சுற்றவிட்டுத் திருப்பி இணைக்கக் கூடாது” என்று கணினி அறைக் கதவில் ஒட்டியுள்ள அறிவிப்பை எடுத்துவிடும்படி கேட்டு இதை எழுதுகிறேன். ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளைத் தரும் பகுதியான ட்வீட்டர் எரிந்து செலவு வைத்தது உண்மை. ஆனால் அறிவிப்பு காரணம் காட்டும் ‘டிஎஸ்பி லூப்’ பிழை அதை எரித்திருக்க முடியாது.

மில்லர் பக்கெட் 1990களில் உருவாக்கிய இந்த மென்பொருள், ஒலியை 64 மாதிரிகள் (ஒலியின் கணநேர அளவுகள்) கொண்ட தொகுதிகளாகக் கணக்கிடுகிறது. திரையில் ஒலியைக் கணக்கிடும் இரண்டு பெட்டிகள் ஒன்றன் விடைக்கு ஒன்று காத்திருக்கும்படி இணைப்புக் கம்பி இழுத்தால், எதை முதலில் கணக்கிடுவது என்ற வரிசையே அமையாமல், ‘டிஎஸ்பி லூப்’ என்ற அந்தப் பிழையைக் காட்டிவிட்டு அப்பெட்டிகளை ஓட்டாமல் நிறுத்திவிடும். அங்கே வருவது மௌனம். மௌனத்தால் ஸ்பீக்கர் எரியாது. ஒலியைச் சற்று நேரம் தேக்கிவைக்கும் டிலேயில் எழுதும் பெட்டி ஒன்றையும் படிக்கும் பெட்டி ஒன்றையும் இடையில் வைத்தால், முன்பே எழுதப்பட்ட ஒலி கைக்குக் கிடைப்பதால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

அன்று நடந்தது வேறு. மாணவர் 300 மில்லிநொடி எக்கோவை முறையாகத்தான் அமைத்திருந்தார். திரும்பிவரும் ஒலியின் அளவு 0.6 என்று இருந்தவரை அது பத்துச் சுற்றில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே தேய்ந்தது. மிக்சரின் எக்கோ குமிழைத் திருகிப் பழகிய கை, எண் பெட்டியைச் சுட்டியால் சற்றே இழுத்தது. ஷிஃப்ட் விசையை அழுத்தாமல் இழுத்தால் எண் ஒவ்வொன்றாகத் தாவும் என்பதை நான் சொல்லித்தரவில்லை. அது என் பிழை. 0.6 ஒரே தாவலில் 1.6 ஆயிற்று. ஐந்தே சுற்றில், அதாவது ஒன்றரை நொடியில், ஒலி பத்து மடங்காகிவிடும். ஆம்ப்ளிஃபையரின் வால்யூமோ முழுதாகத் திறந்திருந்தது.

ஆகவே எண் பெட்டிக்குப் பதிலாக 0.9-ஐத் தாண்டாத ஸ்லைடரையும், வளையத்துக்குள்ளேயே ஒலியை வரம்பில் நிறுத்தும் கிளிப் பெட்டியையும் கட்டாயமாக்குங்கள். ஊளை கேட்டால் முதலில் ஸ்பீக்கரை அணைத்து ஹெட்ஃபோனில் கேட்கச் சொல்லுங்கள்: அதில் அடங்கிப்போனால் கோளாறு பேட்ச்சில் (திரையில் பெட்டிகளை இணைத்து அமைத்ததில்) இல்லை, தகரக் கூரைக்குக் கீழே மைக்கும் ஸ்பீக்கரும் எதிரெதிரே நிற்பதில் இருக்கிறது. அதற்கு மைக்கைத் திருப்பி வைத்தாலே போதும்.

வரும் சனிக்கிழமை வகுப்புக்கு முன் வந்தால் அதே பேட்ச்சைத் திறந்து காட்டுகிறேன். வால்யூமைக் குறைத்தே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வகுப்பின் ஆசிரியர்