தோட்டத்துப் பெரிய பங்களாவும் குசினிக் கட்டும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

டிக்கோயாப் பக்கத்து நம் தோட்டத்தின் பழைய கட்டிடங்களைப் பராமரிக்கும் சங்கத்தின் நிர்வாகக் குழு வழமைபோல் கூடியது. தைப்பொங்கல் நடந்தது. தொழிலாளரைக் காலையில் கூட்டும் பிரட்டுக்களத்து மணிக்குப் புதுக் கயிறு போட்டாயிற்று. பங்களா மட்டும்தான் சரித்திரம் என்ற வாதத்தைக் குழு ஏற்கவில்லை. தொழிலாளர் குடியிருப்பான பழைய லயமும் பராமரிப்புப் பட்டியலில் சேர்ந்தது.

குசினிச் சுவரைத் திருத்த இவ்வளவு காலமா என்று கேட்போருக்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன். அது சுண்ணாம்புச் சாந்தில் வைத்த கருங்கல் சுவர். முன்பு யாரோ அதன்மேல் சீமெந்து பூசிவிட்டார்கள். சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கிய ஈரம் உப்பாகப் பூத்து, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளியது. சுவரில் பதிந்த கூரை மரங்களான வளைகளின் முனைகள் உக்கிப் போயின. சீமெந்தைக் கொத்தியெடுத்து, இடுக்குகளை ஒரு அங்குல ஆழம் சுரண்டி, நீரடித்து, சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு என்று கலந்த சாந்தால் நிரப்பினோம். பூச்சு ஒரு தடவைக்கு 10 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெடிக்கும். பூசியபின் ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்க வேண்டும். சாக்கு நனைக்கப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. மேற்குப் பக்கம் மயிர் வெடிப்பு ஓடியிருப்பது அதனால்தான். மேசன்மாரைக் குறை சொல்ல வேண்டாம்.

1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்கு மாறிய ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கூரை ஒழுக்கு. தகரத்தின் பள்ளத்தில் ஆணி அடித்தால் ஒழுகாமல் என்ன செய்யும்? மேட்டில், வொஷரோடு அடித்து மாற்றினோம்.

பங்களாவின் பலகைத் தரைக்குக் கீழுள்ள காற்றுத் துவாரங்களைப் பூப்பாத்தி மண் மூடிவிட்டது. காற்றில்லாமல் உக்கிய தரைக்கட்டையில் ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடி வரை இறங்குகிறது. பாத்தி அழகுதான், இரண்டடி தள்ளி இருந்தாலும் அழகாகவே இருக்கும்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரி, விபரம் பொருளாளரிடம். சந்தா நிலுவை வந்திருந்தால் ‘ஏறக்குறைய’ என்று எழுத வேண்டியிருக்காது. நிலுவைப் பட்டியலை வாசலில் ஒட்டச் சொன்னார்கள். இம்முறை ஒட்டவில்லை.

தோட்ட நிர்வாகத்துக்கும், மேசன்மாருக்கும், தேநீர் தந்த மாதர் குழுவுக்கும் நன்றி.

அடுத்தது பங்களாவின் மேற்குச் சுவர். டிக்கோயாப் பக்கத் தென்மேற்கு மழைக்கு முன் முடிய, தை மாசியில் பூச வேண்டும். அதற்குச் சுண்ணாம்பு ஐப்பசியிலேயே நீற்றி, தொட்டியில் நீருக்கடியில் கிடக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் போட வேண்டுமே தவிர, அதன்மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது; கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அவசியம். துணைக்கு இருவர் போதும். செயலாளர் பொறுப்பை ஏற்க யாரும் முன்வந்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். சுண்ணாம்புத் தொட்டிச் சாவியையும் அவரிடமே தந்துவிடுகிறேன்.