சூத்திரத்துக்கு முன்னால் பெருக்கல் விதி

ஆசிரியருக்கு,

பிளஸ் ஒன் மாணவர்களுக்காக உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த வரிசை மாற்றங்கள், சேர்வுகள் (எத்தனை வழிகள் என்று எண்ணும் பாடம்) சூத்திரத் தொகுப்பைப் படித்தேன். சூத்திரங்களில் பிழை இல்லை. ஆனால் அத்தனைக்கும் வேரான பெருக்கல் விதிக்கு ஒரே ஒரு வரிதான்: 'ஒவ்வொரு படிக்கும் உள்ள வழிகளைப் பெருக்குக.' கணித ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளைகள் தடுமாறுவது அந்த ஒரு வரியில்தான்.

18 மெய், 12 உயிர், ஆக 216 உயிர்மெய் என்பது தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். எந்த மெய்யை எடுத்தாலும் அதனோடு சேர 12 உயிரும் இருக்கின்றன, அதனால் பெருக்கலாம். முதல் படியில் எதைத் தேர்ந்தாலும் அடுத்த படியின் எண்ணிக்கை மாறக் கூடாது. இந்த நிபந்தனை உங்கள் தொகுப்பில் இல்லவே இல்லை.

இலக்கம் திரும்ப வராத மூன்றிலக்க இரட்டை எண்கள் எத்தனை? நூறாம் இடத்துக்கு 0 ஆகாது, எனவே 9 வழி. பத்தாம் இடத்துக்கும் 9. சரி, ஒன்றாம் இடத்துக்கு? முன்னால் எத்தனை இரட்டை இலக்கங்கள் செலவாயின என்பதைப் பொறுத்து 5, 4, 3 என்று மாறும். பல பிள்ளைகளின் பேனா இங்கே நின்றுவிடும், அல்லது 9×9×5 என்று எழுதிவிடும். கட்டுப்பாடு உள்ள ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அங்கே 0 என்றால் 9×8=72. அங்கே 2, 4, 6, 8 என்றால் நூறாம் இடத்துக்கு 8, பத்தாம் இடத்துக்கு 8; 4×8×8=256. இரண்டும் தனித்தனி வகை, ஆகவே கூட்ட வேண்டும்: 328.

பாட்டு கற்கும் பிள்ளைகளுக்கு இன்னும் அழகான கணக்கு இருக்கிறது. 17-ம் நூற்றாண்டில் இசை இலக்கண அறிஞர் வேங்கடமகி வகுத்த 72 மேளங்கள், அதாவது கர்நாடக இசையின் தாய் ராகங்கள். சுரங்களில் ரிஷபம் (ரி) 3 வகை, காந்தாரம் (க) 3 வகை. ஆனால் ஜோடி 9 அல்ல. காந்தாரம் ரிஷபத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். முதல் ரிஷபத்தோடு 3 காந்தாரம் சேரும், இரண்டாவதோடு 2, மூன்றாவதோடு 1, ஆக 6. தைவத (த), நிஷாத (நி) சுரங்களின் ஜோடிக்கும் அப்படியே 6. அப்புறம் மத்தியமம் (ம) 2 வகை. இந்த மூன்றும் ஒன்றையொன்று பாதிக்காததால் 6×2×6=72. யோசிக்காமல் 9×2×9 என்று பெருக்கினால் 162 வந்து நிற்கும்.

அடுத்த தொகுப்பில் சூத்திரங்களைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, இத்தகைய இரண்டு கணக்குகளையாவது வழிகள் கிளை கிளையாகப் பிரிவதைக் காட்டும் மர வரைபடத்தோடு வெளியிடுங்கள்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்.