முன்னாள் படைவீரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினம், குடியரசு தினக் கொடியேற்றம் வழக்கம்போல் நடந்தன. டிசம்பர் 7 கொடிநாள் வசூல் உரிய இடத்தில் செலுத்தப்பட்டது. நவம்பரில் உயிர்வாழ் சான்று முகாம் நடந்தது.

மேஜர் மாரியப்பன் சரவணன் நினைவுக்கல்லைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 மே 29-உடன் அவர் கார்கில் போரில் வீரமரணம் அடைந்து 25 ஆண்டுகள். திருச்சி கண்டோன்மென்ட் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்தோம். வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உள்ளூரிலேயே இருந்தும் வராதவர்கள் யோசிக்க வேண்டும்.

சங்க வாசலில் அவருக்கு வைத்திருந்த ஃபிளெக்ஸ் வெயிலில் வெளுத்துவிட்டது. அதில் பிழைகளும் இருந்தன. கார்கிலின் படாலிக் பகுதியில் அவர் தாக்கிய முகடு ‘4268 அடி’ என்றிருந்தது. உயரத்தை வைத்தே அதற்குப் பாயின்ட் 4268 என்று பெயர், அது மீட்டர் கணக்கு. ஏறத்தாழ 14,000 அடி. அடி என்று போட்டால் அது கொடைக்கானலைவிடத் தாழ்ந்த குன்றாகிவிடும். அந்த முகட்டில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 சதவீதம்தான். ஆயுதச் சுமையோடு, ஒதுங்க இடமில்லாத சரிவில், மேலே பதுங்கியிருந்து சுடுபவனை நோக்கி அவருடைய 1 பீகார் பட்டாலியன் இரவில் ஏறியது. வீரமரணத் தேதியும் ‘28’ என்றிருந்தது. தாக்குதல்தான் 28 இரவு. அவர் விழுந்தது 29-ஆம் தேதி. ராக்கெட் லாஞ்சரால் எதிரி நிலையைத் தாக்கினார், குண்டுச் சிதறல் பட்டும் பின்வாங்கவில்லை. அப்போது வயது 26. உடல் எதிரியின் குண்டு எட்டும் இடத்தில் கிடந்ததால் ஜூலையில்தான் மீட்க முடிந்தது.

ஆகவே 4-க்கு 3 அடி கறுப்பு கிரானைட்டில் வெட்டினோம். எழுத்து அரை அங்குலத்துக்குக் குறைந்தால் உளி படும்போது ஓரம் சில்லு தெறிக்கும். முதலில் போவது மெய்யெழுத்தின் புள்ளி. அவர் பெற்ற ‘வீர் சக்ரா’ விருதின் பெயரில் ‘ர்’ புள்ளி போனால் ‘வீர சக்ரா’. அதனால் முக்கால் அங்குலம் வைத்து, வாசகத்தைக் குறைத்தோம். உளி வைக்குமுன் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். கல்லில் அடித்துத் திருத்த முடியாது.

அதே தாக்குதலில் உயிர்நீத்து வீர் சக்ரா பெற்ற நாயக் கணேஷ் பிரசாத் யாதவ் பெயரும் வேண்டும் என்றேன். ‘நம்மூர்க்காரர் இல்லையே’ என்று சிலர் மறுத்தார்கள். மேஜர் அந்த மலையில் தனியாக ஏறவில்லை. பீகார் ஜவான்களோடுதான் ஏறினார். பட்டாலியனில் இருந்த நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. யாதவுக்காகக் கல்லின் அடியில் நான்கு வரிக்கு இடம் விட்டிருக்கிறது.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் உள்ளது. உறுப்பினர்களில் பாதிப்பேர் சந்தா பாக்கி, சிலருக்கு மூன்றாண்டு. ஒத்துழைத்த செயற்குழுவுக்கும் தணிக்கையாளருக்கும் நன்றி.

கல்வெட்டுக்காரர் எழுத்துக் கணக்கில் கூலி கேட்கிறார். பாக்கி ஏப்ரலுக்குள் வந்தால், வரும் மே 29-க்கு முன் அந்த நான்கு வரியையும் வெட்டிவிடலாம்.

செயலாளர்