கும்மாளம் போடவா அனுப்பினோம்?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல இத்தாலியோட ஃபிளாரன்ஸ் நகரம் பத்தின கட்டுரை படிச்சேன். வில்லா லா பியெத்ராவை "அமெரிக்கப் பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கி, பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கும்மாளம் போட விட்டிருக்கும் பங்களா"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாரு உங்க கட்டுரையாளர். யாரு சார் வாங்கினது? அந்த வீட்லயே 1904ல பொறந்த எழுத்தாளர் ஹரால்ட் ஆக்டன், நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குன்னு எழுதி வச்சுட்டு 1994ல கண்ணை மூடினாரு. அஞ்சு வில்லா, 57 ஏக்கர். உங்களுக்குத் தெரியாததா.

கும்மாளத்துக்கு வர்றேன். என் பொண்ணு அங்க அந்தப் பல்கலைக்கழகம் நடத்துற வகுப்புல ஒரு செமஸ்டர் படிச்சா. நாங்க எவ்வளவு பெரிய பணக்காரங்கன்னு அவ அம்மாவோட வளையலைத்தான் கேட்கணும், அது இன்னும் அடகுக் கடையில இருக்கு. ஆபீஸ் வேலையா ஜெர்மனி போன நான் அப்படியே ட்ரெயின் ஏறி அவளைப் பார்க்கப் போனா, "அப்பா இத்தாலியன் டெஸ்ட் இருக்கு, தோட்டத்துல உக்காருங்க"ன்னு விட்டுட்டு ஓடிட்டா. ரெண்டு மணி நேரம் தனியா உக்காந்திருந்தேன். அங்க செடிவேலியாலயே ஒரு நாடக மேடை இருக்கு, மேடை ஓரத்துல விளக்கு இருக்க வேண்டிய இடத்துல உருண்டை உருண்டையா வெட்டி விட்ட குட்டிச் செடிங்க. பார்த்துக்கிட்டே இருக்கலாம். கும்மாளம் மட்டும் கண்ணுல படலை.

அந்தத் தோட்டத்தையும் 500 வருஷப் பழசுன்னு எழுதியிருக்காரு. வீடுதான் சார் பழசு, 15ஆம் நூற்றாண்டுல, ஃபிளாரன்ஸ்ல செல்வாக்கா இருந்த மெடிச்சி குடும்பத்தோட பாங்க்கைப் பார்த்துக்கிட்ட சாஸ்ஸெத்தி கையில இருந்தது. தோட்டம் ஹரால்டோட அப்பா ஆர்தர் 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல பழைய பாணியில போட்டது, பொண்டாட்டி வீட்டு சிகாகோ பாங்க் பணம் கை குடுத்தது. போட்டோவாவது சரியா இருக்கான்னா அதுவும் இல்ல, அது வில்லா ஈ தாத்திங்கற வேற வீடு, கலை விமர்சகர் பெரென்சன் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு விட்டுட்டுப் போனது, ஊருக்குக் கிழக்கே செத்தின்யானோ பக்கம் இருக்கு!

புதுசா என்ன, ரெண்டு வருஷம் முன்னாடி பீசா கோபுரத்தைத் தூக்கி ஃபிளாரன்ஸ்ல நட்டு வச்சீங்க, எழுதினேன், பாதிக் கடிதத்தை வெட்டிட்டு என் பேரையும் தப்பா போட்டீங்க. பொறுத்துக்கிட்டேன். குறுக்கெழுத்து விடை மூணு வாரமா வரலை, அதையும் பொறுத்துக்கிட்டேன். ஆனா கடன் வாங்கிப் படிச்ச பிள்ளையை ஊர் சுத்தினவளான்னு நாலு பேர் அவ கிட்டயே கேட்கும்போது எப்படி சார் பொறுக்கறது?

பெருசா ஒண்ணும் கேட்கலை. "வாங்கியது" இல்ல, உயிலில் வந்ததுன்னு ரெண்டு வரி திருத்தம் போடுங்க, அப்படியே அந்தக் குறுக்கெழுத்து விடையும்.

இப்படிக்கு,
உங்க 19 வருஷச் சந்தாதாரர்,
வேலூர்