கோப்பித்தூள் போட்டால் இரத்தம் நிற்காது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் கத்திக்குத்துச் செய்தி வரும்போதெல்லாம் ஒரு வரியில் வந்து நின்றுவிடுவேன்: ‘வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் வழியில் உயிரிழந்தார்.’ எதற்காகக் குத்தினார்கள், யாரைக் கைது செய்தார்கள், எத்தனை நாள் விளக்கமறியல் என்பதெல்லாம் விபரமாக இருக்கும். குத்து விழுந்ததற்கும் வைத்தியசாலை வாசலுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது மட்டும் வராது. அதை ஒருமுறை கிட்ட நின்று பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் இருபது வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு மாலை, கடைக்கு எதிரே இரண்டு பேருக்கு வாய்த்தர்க்கம். ஆட்டோ நிறுத்துகிற இடத்தைப் பற்றியது என்று பிறகு சொன்னார்கள். நான் தலையை நீட்டிப் பார்ப்பதற்குள் ஒருவன் ஓடிவிட்டான், மற்றவன் என் கடைப் படியில் விழுந்து கிடந்தான். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். தொடையைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான். விரல் இடுக்கெல்லாம் இரத்தம். நான் செய்த முதல் வேலை ஷட்டரைப் பாதி இழுத்தது. ஓடியவன் திரும்பி வருவானோ என்ற பயம்தான், வேறென்ன. அந்தப் பயம் தப்பில்லையாம். கத்தி வைத்திருந்தவன் போய்விட்டானா என்று பார்த்துவிட்டுத்தான் கிட்டப் போக வேண்டும் என்று பிறகு முதலுதவி வகுப்பில் சொன்னார்கள்.

அப்புறம் நாங்கள் செய்தது எல்லாமே தப்பு. நான் அவனைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து இருத்தினேன். ஒருவர் சோடாவைத் திறந்து அவன் வாயில் வைத்தார். என் கடைப் பையன் கோப்பித்தூள் பக்கற் ஒன்றைக் கிழித்துக் காயத்தில் கொட்டினான். எங்கள் வீடுகளில் விரல் வெட்டினால் கோப்பித்தூள்தானே மருந்து! தூள் ஒரு நொடி கறுப்பாக நின்றது, பிறகு சேறு மாதிரிக் கரைந்து படியில் வழிந்தது. சுற்றிலும் முப்பது பேர் நின்றிருப்பார்கள். பாதிப்பேர் கையில் போன், ஆனால் யாரும் பேசவில்லை, வீடியோ எடுத்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னிடம் சீனி, பருப்பு வாங்குபவர். “முதலில் பிள்ளையைப் படுக்க வையுங்க” என்றார். இரண்டு கையிலும் சொப்பிங் பையை உறை மாதிரி மாட்டிக்கொண்டார். என் தோளில் கிடந்த துவாயை உருவி, மடித்துக் காயத்தில் வைத்து, உள்ளங்கையின் மேல் உள்ளங்கை வைத்து, முழங்கை மடங்காமல் தன் உடம்புப் பாரத்தை அப்படியே அதில் இறக்கினார். பையன் அலறினான். “கத்தட்டும். கத்துறவனுக்கு உயிர் இருக்கு” என்றார். துவாய் நனைந்ததும் நான் அதை மாற்றப் போனேன். “எடுக்காதீங்க முதலாளி, அதுக்கு மேலேயே இன்னொன்றைப் போடுங்க” என்று ஒரு அதட்டல். உறைய ஆரம்பித்த இரத்தம் துணியோடு பிய்ந்து வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஒழுகும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு நான் போன் அடித்தேன். அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. 2016 இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் வந்த சேவை. தமிழில் பேசினேன், தமிழிலேயே பதில் வந்தது. சிக்கல் இடத்தைச் சொல்வதில்தான். எங்கள் ஒழுங்கைக்குப் பலகையில் ஒரு பெயர், தபாலுக்கு ஒரு பெயர், எங்கள் வாயில் ஒரு பெயர். “கோயில் மதில் பக்கம் என்று சொல்லுங்க, சந்தியில் ஒருத்தரை நிறுத்துங்க” என்று அழுத்திய கையை எடுக்காமலே அந்த அம்மா சொன்னார். வண்டி வரும்வரை அவர் கை அசையவில்லை. பையன் பிழைத்தான்.

வெட்கத்தில்தான் வகுப்புக்குப் போனேன். செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் கொழும்பில் இப்படி வகுப்புகள் நடத்துகின்றன. வளர்ந்த ஒருவர் உடம்பில் ஓடுவது ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம். தொடையில் பெரிய நாடி அறுந்தால் சில நிமிடத்தில் ஆள் முடிந்துவிடலாம், கொழும்பு வாகன நெரிசலில் ஆட்டோ எவ்வளவு பறந்தாலும் போதாது. ஆகவே தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவதற்கு முன் அழுத்த வேண்டும், ஓடும்போதும் அழுத்த வேண்டும். சோடா, தண்ணீர் எதுவும் கூடாது. சத்திரசிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போது வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கை, காலில் அழுத்தியும் நிற்காவிட்டால் காயத்தின் மேல் அல்ல, அதற்கு மேற்புறமாக, உடம்புப் பக்கத்தில், அகலத் துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். கத்தி உடம்பிலேயே நின்றால் பிடுங்கவே கூடாது, அடைப்பாக நிற்பதே அதுதான். நம் சினிமாக் கதாநாயகர்கள் பிடுங்கி எறிந்து எறிந்து இந்த விஷயத்தில் ஊரைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

சரி, இதெல்லாம் தெரிந்தவரும் ஏன் ஒதுங்குகிறார்? பொலிஸ். வாக்குமூலம் கொடுக்க இரண்டு நாள் கடையைப் பூட்டினேன். சிங்களத்தில் எழுதி, ஒப்பமிடச் சொன்னார்கள். வாசித்துத் தமிழில் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, வேலை தெரியாதவனைப் பார்ப்பது போல ஒரு பார்வை. சாட்சிகளைப் பாதுகாக்க 2015 இல் சட்டம் வந்தது, 2023 இல் அதற்குப் பதிலாகப் புதிதும் வந்தது. அது படியில் குந்தியிருந்து இரத்தத்தை அழுத்தியவர் காதுக்கு எட்டவில்லை. இந்தியாவில் வீதி விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைக் காக்க 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே ஒரு பிரிவு சேர்த்தார்கள்.

எங்கள் ஊரவர் மனம் கல் என்று நான் சொல்ல மாட்டேன். 2019 ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த அன்று, இரத்தம் கொடுக்க நாரஹேன்பிட்டி இரத்த வங்கியில் எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள்! அதே ஆட்கள்தான் என் கடை வாசலில் கை கட்டி நின்றவர்களும். என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஆசிரியரே, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராசிபலன் பக்கத்தில் கால்வாசியை இதற்குத் தாருங்கள். மடித்த துணி, அதன் மேல் இரண்டு கை, பக்கத்தில் 1990 என்று பெரிதாக ஒரு படம் போதும். கீழே சிங்களத்திலும் இரண்டு வரி போடுங்கள். எதிர்க்கடைக்காரர் சிங்களவர், அவரும் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். என் பெயரை வெளியிட வேண்டாம், வழக்கு இன்னும் முடியவில்லை.

இப்படிக்கு,
பலசரக்குக் கடைக்காரர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13